முப்பதடி

காலை ஏழு இருபதுக்கு வடக்கு கேட்டின் விளக்கு பச்சைக்கு மாறியது. பக்கிரிசாமி சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம்தான் முடிந்திருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, ஆள் வந்துட்டாங்க. எங்க இருக்கீங்க?"

அன்வர்தீன். இருபது கிலோமீட்டர் தள்ளி நிலையத்தில் உட்கார்ந்திருப்பவன். ஐந்து வருடமாகத் தினமும் பேசுகிறான். முகம் தெரியாது.

"ஏழரைன்னு சொன்னே."

"அதிகாரி சீக்கிரம் வந்தா குத்தமா? சட்டை போட்டுக்குங்க. போன வாரம் டிரோன் எடுத்த படத்துல கோவணத்தோட நின்னீங்க."

"எத்தனை பேரு?"

"ஒரே ஆளுதான் உள்ள வர்றாங்க."

"அதைக் கேக்கல. படத்தை எத்தனை பேரு பாத்தாங்க?"

அன்வர்தீன் சிரித்தான். பக்கிரிசாமி அந்தச் சிரிப்பு முடியும்வரை கருவியைக் காதோடு வைத்திருந்தார்.

தினமும் காலையில் அவன் மூன்று கேள்வி கேட்பான். உடம்பு சரியா. வண்டிகள் ஓடுகின்றனவா. எத்தனை மூட்டை சருகு. மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நீட்ட பக்கிரிசாமி பல வழிகள் கண்டுபிடித்திருந்தார். ஒரு தடவை பாம்பு கடித்துவிட்டதாகப் பொய் சொன்னார். அன்றைக்கு அன்வர்தீன் நாற்பது நிமிடம் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை.

மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் கேட்டை நோக்கி நடந்தார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகைப் புயலில் கடல் மருதங்கோட்டகத்துக்குள் ஏறியது. வடிவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. வடிந்தபோது உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிட்டது. ஊர் முழுக்க மேட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பதினோரு வருடம் கழித்து அரசாங்கம் அங்கே மரம் வைத்தது. உகாய், புங்கன், பூவரசு, நாட்டுக் கருவேல். இந்தக் கரையிலேயே முளைத்துப் பழகிய மரங்கள். மரம் உப்பை இழுத்து இலையில் சேர்க்கும். இலை பழுத்து விழும். விழுந்த இலையை அன்றைக்கே வாரி, மூட்டை கட்டி, கடல் வற்றும் நேரத்தில் கழிமுகத்தில் கொட்டிவிட வேண்டும். ஒரு மழை முந்திக்கொண்டால் இலையில் இருக்கும் உப்பு மறுபடி மண்ணுக்கே போய்விடும். அறுபது ஏக்கருக்கு மூன்று வண்டிகள் தானாக ஓடி வாரின. வண்டி நுழையாத இடத்தில் பக்கிரிசாமி வாரினார்.

கேட்டுக்கு வெளியே ஜீப் நின்றது. முன் இருக்கையில் ஓட்டுநர். பின் இருக்கையில் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து நின்றவளுக்கு நாற்பது இருக்கும். முழங்கால் வரை சாம்பல் நிற பூட்ஸ். கையில் அளவுக் கருவிப் பெட்டி.

"வணக்கம்ணே. நான் தையல்நாயகி. மண் பரிசோதனைக்கு."

"அங்கயே நில்லுங்கம்மா. முப்பதடி. அந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தாண்ட வரக்கூடாது." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உள்ள வர்றவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டணும். நீங்க ஆமாங்கணும்."

"அந்தத் தாளை எழுதினதே நான்தாண்ணே."

"இருக்கட்டும். எனக்குப் படிச்சுக் காட்ட ஆளு கெடைக்கிறதே இல்ல."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டாள்.

"இந்த மரத்து வேருல ஒரு பூஞ்சை இருக்கு. உப்பை உறிஞ்சி மரத்துக்கு அனுப்புறது அதுதான். உப்பு உள்ள மண்ணுல அதால கெடுதல் இல்ல. நல்ல மண்ணுக்குப் போனா, உப்பு கெடைக்காத பசியில வேரைத் தின்னுரும். நெல்லு வேருன்னா ஒண்ணையும் விடாது."

"ஆமா."

"மனுசன் கால் வெடிப்புல பூந்துக்கும். நம்ம வேர்வை உப்பு அதுக்குப் போதும். பூந்துட்டா கழுவினாலும் போகாது, சாவுற வரைக்கும் இருக்கும். மருந்து இல்ல. அப்படிப்பட்டவங்க நெல்லு வெளையுற ஊருக்குப் போகக்கூடாது."

"ஆமா."

"பூட்ஸ்ல மூணு கொக்கி. ஒண்ணும் அவுரக்கூடாது. நீங்க வெளிய போறப்ப அவுரலன்னு நான் சாட்சி சொல்லணும். சொன்னாத்தான் கேட்டைத் தொறப்பாங்க."

"ஆமா. கேமராவுந்தான் வெச்சுப் பாத்தோம். உப்புக் காத்துல ஆறு மாசம்கூடத் தாங்கல."

"நான் பதினோரு வருசம் தாங்கியிருக்கேன்."

அவள் அதற்கு ஆமா சொல்லவில்லை.

பூஞ்சை மனிதக் காலில் ஏறும் என்று முதல் வருடம் யாருக்கும் தெரியாது. கன்று ஏற்றி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஊருக்குப் போய்த் தம்பி வயலில் நடவுக்கு இறங்கினார். இருபது நாளில் அந்த வயல் கருகியது. பிறகு அடுத்த மடை. பிறகு வாய்க்கால் போன வழியெல்லாம். முந்நூறு ஏக்கர் சம்பா. அதன் பிறகு, காலில் பூஞ்சை ஏறியிருந்த அந்த ஓட்டுநரையும், கன்று நட்ட இருதயராஜையும், பக்கிரிசாமியையும் உள்ளே வைத்து கேட்டைப் பூட்டினார்கள். ஓட்டுநர் இரண்டாம் வருடம் காய்ச்சலில் போனார். இருதயராஜ் ஆறாம் வருடம்.

இருவரும் நடந்தார்கள். அவள் முன்னே, முப்பதடி பின்னால் அவர். அந்தத் தூரத்தில் பேசுவதென்றால் கொஞ்சம் கத்த வேண்டும். பக்கிரிசாமி கத்தினார். ஒவ்வொரு மரமும் எந்த மழைக்கு வைத்தது என்று சொன்னார். மூன்றாவது வண்டிக்கு இடது பக்கம் இழுக்கும் குணம் இருப்பதைச் சொன்னார். நரிக்குடும்பம் ஒன்று வந்ததையும் போனதையும் சொன்னார். உகாய்ப் பழம் எப்படி இருக்கும் என்று சொன்னார்.

"மூச்சு விட்டுக்கிட்டுப் பேசுங்கண்ணே."

"மூச்சை அப்புறம் விட்டுக்கலாம். நீங்க மதியானம் போயிடுவீங்க."

அவள் சிரித்துவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு எந்த ஊரு?"

"இதேதான். வாய்க்கால்ல ஷட்டர் பாத்தேன். லஸ்கரு."

அவள் நின்றாள். "மேல மடை ஷட்டரா?"

"ஆமா."

"எங்கப்பா தங்கராசு."

பக்கிரிசாமியும் நின்றார். "எந்தத் தங்கராசு? ஷட்டரைக் களவாணித்தனமாத் தூக்கிவிடுற தங்கராசா?"

"அவருதான்."

"அட பாவி மனுசா! அந்த ஆளுக்காக மூணு பூட்டு மாத்தினேம்மா. மூணையும் ஒடச்சாரு. கேட்டா, எலி கடிச்சிருக்கும்பாரு. இரும்புப் பூட்டை."

"வீட்டுல உங்களைத் திட்டாத நாள் இல்ல. லஸ்கரு வந்து எம்பயிரைக் கொல்லுறான்னு. நாங்க சின்னப் புள்ளைல லஸ்கருன்னா ஏதோ பூச்சின்னு நெனச்சிருந்தோம்."

அவர் சிரித்தார். சிரித்து நாளானதால் இருமலும் சேர்ந்து வந்தது. இருமி முடித்து நிமிர்ந்தபோது அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கையில் ஒரு காலத்தை அறிந்த ஒருவர் எதிரே நிற்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. பூட்டை உடைத்தவனின் மகள். அவனை அவர் இப்போது உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார்.

"இருக்காரா?"

"இல்ல. ரெண்டு வருசம் ஆச்சு. குடியிருப்புல எட்டாவது மாடி. கடைசி வரைக்கும் ஜன்னல்கிட்ட உக்காந்து மழை வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. மழை வந்தா என்ன செய்யப் போறோம்னு கேட்டா கோவம் வரும்."

பதினாறு இடங்களில் அளக்க வேண்டும். அவள் அளவுக் கம்பியை மண்ணில் இறக்கினாள், கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். பத்துக்கு மேல் வெயில் ஏறியது. புங்கன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அவர் வேறொரு புங்கன் நிழலில் உட்கார்ந்தார்.

"உப்பு எவ்வளவும்மா?"

"எல்லாம் நாலுக்குக் கீழ. இங்க மூணே முக்கால். நீங்க வந்தப்ப எவ்வளவு இருந்துச்சு தெரியுமா?"

"இருபத்தொண்ணு. நக்கிப் பாத்தாலே நாக்கு பொத்துப்போகும்."

"இன்னும் ரெண்டு வருசம். ரெண்டுக்குக் கீழ வந்துட்டா பூஞ்சை மண்ணுல தங்காது, தானாச் செத்துரும். அப்புறம் ஜனங்களை வரச் சொல்லிரலாம். நூத்து முப்பது குடும்பம் எழுதிக் கொடுத்திருக்கு. எம்பொண்ணுகூட இங்க வந்துதான் இருப்பேங்குறா. ஜீப்புல பாத்தீங்கள்ல, முல்லை. எனக்கு அவ, அவளுக்கு நான். வேற ஆளு இல்ல."

"வரட்டும். பள்ளிக்கூடத்து மேடை அப்படியே இருக்கு. சுத்திப் பூவரசு வெச்சிருக்கேன். குளத்தை மட்டும் தூர் எடுக்கணும். மேல மடையைச் சரி பண்ணிரலாம். எனக்கு அந்த ஷட்டர் அளவு இன்னும் ஞாபகம் இருக்கு. ஜனங்க வந்தா..."

அவள் தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடியை இறுக்கிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"என்ன?"

"மண்ணுல செத்தாலும் உங்க உடம்புல சாவாது. ஜனங்க இங்க நெல்லு போடப் போறாங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். நகங்கள் வெளுத்திருந்தன. குதிகாலில் மெல்லிய சாம்பல் கோடுகள். முதலில் அரித்தது. இப்போது எதுவும் தெரிவதில்லை.

"தெக்க நாலாயிரம் ஏக்கர் இருக்கு," என்றாள் அவள். "அங்க உப்பு இருபத்தஞ்சு. ஒரு மரம் கெடையாது. உங்களை அங்க மாத்துறதுக்கு உத்தரவு ஆயிருச்சு. வீடெல்லாம் புதுசாக் கட்டித் தருவாங்க."

"அங்க யாரு இருக்கா?"

"அன்வர் அங்கயும் தெனம் பேசுவாரு."

ஒரு வண்டி அவர்களைக் கடந்து போனது. முன்னால் சருகை அள்ளி, பின்னால் சாக்கில் தள்ளி, இடது பக்கம் இழுத்துக்கொண்டு. பக்கிரிசாமி அதற்கும் ஒன்று சொல்வார் என்று அவள் காத்திருந்ததுபோல இருந்தது.

"நியாயந்தான்," என்றார் அவர். "நெல்லு போடுற எடத்துல நான் இருக்க முடியாது."

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"நீங்க என்ன பண்ணுவீங்க. வாங்க, கடைசி எடம் பாக்கி இருக்கு."

கடைசி இடம் மேல மடைக்குக் கிழக்கே, தங்கராசின் பழைய வயல். அவள் சர்வே கல்லைத் தேடிக்கொண்டு போனாள். கருவேல வரிசை முடிந்து திறந்த வெளி வந்தது. அந்தத் துண்டில் பக்கிரிசாமி மரம் வைக்கவில்லை. உப்பு, சுற்றிலும் இருந்த மரங்களின் பக்கம் இழுபட்டு, அது மற்ற இடங்களைவிட முன்னதாகத் தெளிந்திருந்தது. விடியற்காலை லேசான தூறல் போட்டிருந்தது. மண் கறுத்து, ஈரமாக, கட்டி கட்டியாகக் கிடந்தது. நடுவே ஒரு வரப்பு, கரைந்து தேய்ந்து, ஆனாலும் வரப்பு என்று தெரியும்படி.

அவள் கல்லைக் கண்டுபிடித்தாள். மண்டியிட்டு, கல்லில் வெட்டியிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள். கம்பியை இறக்கினாள்.

"ரெண்டே கால்," என்றாள். அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "அப்பா, ரெண்டே கால்."

எழுந்து வரப்பில் ஏறினாள்.

அந்த வட்டாரத்தில் யாரும் செருப்போடு வயலில் இறங்குவதில்லை. வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கே தெரியும். அவள் வயலைப் பார்த்தபடியே குனிந்தாள். கை தானாகக் காலுக்குப் போனது.

முதல் கொக்கி விடுபட்டது. அந்தச் சின்னச் சத்தம் முப்பதடி தாண்டிக் கேட்டது.

பக்கிரிசாமி வாயைத் திறந்தார்.

இரண்டாவது கொக்கி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமலே இரண்டு விரலால் நெம்பினாள். அதற்கு நேரம் எடுத்தது. காற்று இல்லை. வண்டி தூரத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே, மரங்களுக்கு அப்பால், வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நாலாயிரம் ஏக்கர்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது கொக்கி. அவள் பூட்ஸை உருவி வரப்பில் வைத்தாள். அடுத்த காலுடையதையும் அவிழ்த்து, ஜோடி சேர்த்து, நுனி வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். வயலில் இறங்கினாள். விரலிடுக்கில் மண் பிதுங்கியது. குதிகாலில் வெடிப்பு. நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் நின்றாள்.

குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே."

"அம்மா," என்றார் அவர். "அய்யோ, அம்மா."

அவள் வரப்புக்கு ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைக் காலில் கவிழ்த்தாள். துப்பட்டாவால் தேய்த்தாள். குதிகாலில் தோல் உரியும்வரை தேய்த்தாள். பிறகு நிறுத்தினாள். கழுவிப் பயனில்லை என்றும் அந்தத் தாளில் இருந்தது.

"ஒரு நிமிசந்தானே," என்றாள். "ஒரு நிமிசம்கூட இல்ல."

அவர் அவள் பாதத்தையே பார்த்தார்.

"எங்க குடியிருப்பைச் சுத்தி வயல் இல்ல. அரை கிலோமீட்டர் தள்ளித்தான். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். செருப்பைக் கழட்டவே மாட்டேன்." பேசிக்கொண்டே பூட்ஸை மாட்டினாள். மூன்று கொக்கியையும் போட்டாள். ஒன்று சரியாக விழவில்லை. மறுபடி போட்டாள். "யாரும் பாக்கல. நீங்கதான்."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, மணி பன்னெண்டு. மேடத்துக்கு வேலை முடிஞ்சுதா? ஜீப்புல பொண்ணு பசிக்குதுன்னு ஹார்ன் அடிக்குது. சாட்சி சொல்லிருங்க, கேட்டைத் தொறந்துர்றேன். கொக்கி எதுவும் அவுரலையே?"

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்திருந்தாள். கும்பிடுவதற்குத் தூக்கியது, கும்பிடாமலே நின்றுவிட்டது.

பக்கிரிசாமி முந்நூறு ஏக்கர் கருகிய அன்றைக்கு வந்த படங்களைப் பார்த்தவர். அந்த ஓட்டுநர் காய்ச்சலில் தம்பி பெயரைச் சொல்லிக்கொண்டே கிடந்ததைக் கேட்டவர்.

"அவுந்துருச்சு அன்வரு," என்றார். "மூணும். மண்ணை மிதிச்சுட்டாங்க."

எதிர்ப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்லாதீங்கண்ணே," என்றான் அன்வர்தீன். "பாம்பு மாதிரி இதுவும் வெளையாட்டுன்னு சொல்லிருங்க."

"இல்லப்பா."

தூரத்தில் வடக்கு கேட்டின் விளக்கு சிவப்பானது.

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, முப்பதடிக்கு இனி வேலை இல்லை என்பது நினைவுக்கு வந்து, நடந்து போய் அவளிடம் கருவியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் விரல் அவர் விரலில் பட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவை.

அவர் கேட்காத தூரத்துக்குத் தள்ளிப் போய்ச் சருகு வாரினார். அவள் முதலில் அன்வரோடு பேசினாள். பிறகு ஜீப்பில் இருந்த கருவி வழியாக மகளோடு. மகளோடு பேசும்போது குரல் எழவே இல்லை. ஒரு தடவை மட்டும், "பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இரு, பரீட்சையை விட்றாத," என்று காற்றில் வந்தது. இரண்டு மணிக்கு ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. போகும் வழியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

நாலு மணிக்கு அவள் தானாக எழுந்து வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு. அவர் இருதயராஜின் அறையைப் பெருக்கி, கட்டிலைத் துடைத்து வைத்திருந்தார். சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். இரண்டு தட்டு.

"உக்காருங்கம்மா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல."

அவள் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை.

"நீங்க உண்மையைச் சொன்னது சரிதாண்ணே," என்றாள். "உங்க எடத்துல நானா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். அப்ப உங்களைக் கொல்லணும்போல இருந்துச்சு. இப்ப இல்ல."

அவர் தலையசைத்தார். குழம்பை அவள் பக்கம் நகர்த்தினார். "தெக்க போறப்ப," என்றார், "அங்கயும் முதல்ல உகாய்தான் வெக்கணும். ரெண்டு பேருன்னா வேலை சீக்கிரம் ஓடும். நான் கத்துத் தர்றேன். நீங்கதான் படிச்சவங்க, உங்களுக்கு நான் என்ன... அந்த மூணாவது வண்டியைக்கூட அங்க எடுத்துட்டுப் போயிரலாம். அப்புறம் கழிமுகத்துப் பக்கம் ஒரு எடம் இருக்கு, அங்க மீன்..."

அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். கதவருகே ஜோடியாக வைத்திருந்த பூட்ஸைப் பார்த்தாள். ஒவ்வொரு கொக்கியாகப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுல நின்னதுலேர்ந்து நீங்க வாயை மூடவே இல்லண்ணே. நான் கொக்கியை அவுக்குறப்ப மட்டும் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?"